அலங்கோலம் என்று யாரைச் சொல்கிறோம்?

ஆடி மாதத்தில் சேலத்தில் குகை என்கிற பகுதியில் வண்டி வேடிக்கை நடந்த மறுநாள் காலையில் அந்தப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து பாருங்கள். முந்தின இரவு அலங்கார வண்டியின் மேல் அம்மனாகவும் சிவனாகவும் கிருஷ்ணனாகவும் நின்றவர்கள், ஊரே அண்ணாந்து பார்த்தவர்கள், லுங்கியும் பனியனுமாக வந்து டீ குடிப்பார்கள். காதுக்குப் பின்னால் நீலச் சாயம் போயிருக்காது. கண் மை கன்னம் வரைக்கும் இறங்கியிருக்கும். புருவத்தில் ஜிகினாத் தூள் மின்னும். சவுரி வைத்துக் கட்டியிருந்த இடத்தில் சொந்த முடி குத்திட்டு நிற்கும். சில வருடங்களுக்கு முன் அப்படி வந்த ஒருவரைப் பார்த்து டீ மாஸ்டர், "என்னண்ணா, நேத்து அப்படி ஒரு கோலம், இன்னைக்கு இப்படி அலங்கோலமா வந்து நிக்கறீங்க" என்றார். வந்தவர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "தேங்கா எண்ணெ போட்டுத் தேய்ச்சாத்தான் போவும்" என்றார்.

கோலம், அலங்கோலம் இரண்டையும் அவர் ஒரே மூச்சில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டார். அதற்கப்புறம்தான் எனக்கு இந்தச் சொல்லின் மேல் கவனம் வந்தது. முடி கலைந்தால், சட்டை பொத்தான் மாறிப் போட்டிருந்தால், வீடு வாரிப் போட்டபடி கிடந்தால், எல்லாவற்றுக்கும் நாம் எடுப்பது இந்த ஒரு சொல்லைத்தான். ஆனால் அதை எல்லார் மேலும் ஒரே மாதிரி போடுவதில்லை. யார் மேல் போடுகிறோம், யாருக்கு வேறு சொல் வைத்திருக்கிறோம் என்று பார்த்தால் சில விஷயங்கள் பிடிபடுகின்றன.

முதலில் கோலம். இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் வாசலும் கோலமாவும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் பழைய பொருள் அழகு, வடிவம், தோற்றம். திருப்பாவையில் 'கோல விளக்கே' என்று ஆண்டாள் பாடுவது அழகிய விளக்கை. மார்கழியில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டே அதைப் பாடுகிறவர்கள் ஒரே சொல்லின் இரண்டு பொருளையும் ஒரே நேரத்தில் கையிலும் வாயிலும் வைத்திருக்கிறார்கள். கல்யாணத்தில் மணக்கோலம். பெருமாள் கோயிலில் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம். தவக்கோலம், துறவுக்கோலம் என்றெல்லாம் சொல்கிறோம். வேடம் கட்டுவதும் கோலம்தான். குகையில் வண்டி மேல் நின்றவர் ஏற்றது அம்மன் கோலம். ஆக, ஒருவர் இன்ன நிலையில் இருக்கிறார் என்பதைக் கண்ணுக்குக் காட்டுவது எதுவோ அதுதான் கோலம். அதில் நல்லது கெட்டது என்று எதுவும் இல்லை.

சரி, முன்னால் நிற்கிற அந்த 'அலம்' என்ன? பலர் இதை அல் + கோலம், அதாவது கோலம் அல்லாதது என்று பிரித்துச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் புணர்ச்சி இடம் கொடுக்கவில்லை. லகர மெய்க்கு அடுத்து ககரம் வந்தால் அது லகரமாகவே நிற்கும், அல்லது றகரமாகும். பால் + குடம் என்பது பாற்குடம் அல்லது பால்குடம் ஆவது மாதிரி, அற்கோலம் அல்லது அல்கோலம் என்றுதான் வந்திருக்க வேண்டும். ஙகரம் வருவதற்கு வழியில்லை. அலம் + கோலம் என்றால் சரியாக வரும். மரம் + கள் மரங்கள் ஆவது போல மகரம் ககரத்துக்கு முன்னால் ஙகரமாகிவிடும்.

இந்த அலம் நமக்குப் புதிதல்ல. தொல்காப்பிய உரியியலில் 'அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி' என்று வருகிறது. அலமருதல் என்றால் சுழலுதல், நிலைகொள்ளாமல் தவித்தல். அலங்குதல் என்றால் அசைதல். புறநானூற்றின் இரண்டாம் பாட்டில் பாண்டவர்களின் குதிரைகளை 'அலங்குளைப் புரவி' என்கிறார்கள். பிடரி மயிர் அசைந்தாடுகிற குதிரை. மயிர் கலைந்து பறப்பதற்கும் இந்தச் சொல் குடும்பத்துக்கும் அவ்வளவு பழைய பழக்கம். இன்றைக்கும் தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்தவனைப் பார்த்து 'அலங்க மலங்க முழிக்கிறான்' என்கிறோமே, அதிலும் அதே அசைவுதான். எனக்குப் படுவது இதுதான்: அலங்கோலம் என்பது கோலம் இல்லாத நிலை அல்ல, சுழற்றி அடிக்கப்பட்ட கோலம். ஒழுங்கு ஒன்று இருந்தது, ஏதோ ஒன்று வந்து அதைக் கலைத்தது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் அலங்கோலம்.

அலங்காரத்துக்கு எதிர்ச்சொல்லாக அலங்கோலத்தைப் பள்ளிக்கூடத்தில் எழுத வைப்பார்கள். பொருளில் பொருத்தம்தான், ஓசையும் ஒத்து வருகிறது. ஆனால் அலங்காரம் வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அலம் என்றால் போதும், நிறைவு என்று பொருள், நிறைவாக்குவது அலங்காரம். எதிரும் புதிருமாக நிற்கிற இந்த இரண்டு சொல்லுக்கும் உறவு ஓசையில் மட்டும்தான்.

இப்போது வாசலுக்கே வரலாம். எங்கள் ஆயா போடுவது சிக்குக் கோலம். கம்பிக் கோலம், நெளிக் கோலம் என்றும் சொல்வார்கள். புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிச் சுற்றிக் கோட்டை இழுத்துக்கொண்டே போவார். பார்க்கிறவர்களுக்கு ஒரே சிக்காகத் தெரியும். ஆனால் அந்தக் கோடு கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிடும். ஒருநாள் பால்காரர் சைக்கிளை அதன் மேலேயே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். டயர் ஓடிய இடத்தில் ஒரு கை அகலத்துக்கு மாவு இழுபட்டுக் கோடும் புள்ளியும் ஒன்றாகிப் போனது. ஆயா கோபப்படவில்லை, கோலம் என்றால் மிதிபடத்தான் செய்யும். "பார் கண்ணு, அலங்கோலம் பண்ணிட்டுப் போயிட்டாரு" என்று மட்டும் சொன்னார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். அந்த டயர்த் தடம் பட்ட இடம்தான் அலங்கோலம், பக்கத்திலேயே அதைவிடச் சிக்கலாக இருந்த கோடுகள் கோலம். சிக்கலாக இருப்பதற்கும் அலங்கோலமாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பதை அந்த ஒன்றரை அடி தரையில் பார்த்தேன்.

குகையிலும் அம்மாப்பேட்டையிலும் தறி இருக்கிற வீடுகளில் இது இன்னும் நன்றாகத் தெரியும். நூலில் விழுவதும் சிக்கு, தலைமுடியில் விழுவதும் சிக்கு. இரண்டையும் 'சிக்கெடுக்க' வேண்டும். நூல் சிக்கிக்கொண்டால் அதைச் சிக்கு என்றுதான் சொல்வார்களே தவிர அலங்கோலம் என்று சொல்வதில்லை. பாவு முழுவதும் அறுந்து, தறி மேடை கலைந்து, நூல் கண்டுகள் உருண்டு கிடந்தால் அப்போது வரும் அந்தச் சொல். சிக்கு என்பது ஒரு முடிச்சு, அதை அவிழ்த்துவிடலாம். அலங்கோலம் முழுத் தோற்றத்தையும் பற்றியது.

இதை வைத்துப் பார்த்தால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்டு வாங்கிப் போடுகிற 'மெஸ்ஸி பன்'னும் கிழிந்த ஜீன்ஸும் ஏன் அலங்கோலம் ஆகாது என்பது புரியும். கல்யாண வரவேற்புக்குப் பார்லரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நான்கு முடியைக் கன்னத்தின் மேல் இழுத்துவிட்டு, அதற்கு ஸ்ப்ரேயும் அடித்துக்கொண்டு வருகிறார்கள். அது கலைந்த மாதிரி செய்யப்பட்ட கோலம். பெரியவர்கள் சிலர் அதையும் அலங்கோலம் என்று திட்டுவதுண்டு. அந்தத் திட்டு ஒட்டுவதில்லை, ஏனென்றால் அந்தப் பெண்ணுக்குத் தெரியும், எதுவும் தன்னைக் கலைக்கவில்லை என்று.

அழுக்கு வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். துவைத்துத் தேய்த்த சட்டையை மாற்றிப் பொத்தான் போட்டால் அலங்கோலம், அழுக்கில்லை. பட்டறையில் வேலை செய்கிறவரின் கரி படிந்த சட்டை அழுக்கு, ஆனால் ஒழுங்காக உள்ளே விட்டுப் பெல்ட் போட்டிருந்தால் அலங்கோலம் இல்லை. அவலட்சணம் இன்னொரு மாதிரி. அது முகத்தையும் உடம்பையுமே குறை சொல்கிற சொல், கேட்டவருக்கு அதிலிருந்து தப்பிக்க வழி கிடையாது. அலங்கோலத்துக்கு ஒரு சீப்பும் ஐந்து நிமிடமும் போதும்.

இந்தச் சொல்லுக்குள் இருக்கிற மரியாதையை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறவர்கள் வீட்டுப் பெண்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் நின்றால், "வாங்க, வாங்க, உள்ள வாங்க. வீடெல்லாம் ஒரே அலங்கோலமா கெடக்கு, தப்பா நெனச்சுக்காதீங்க" என்பார்கள். சேலத்தில் இதைக் கேட்காமல் நான் எந்த வீட்டுக்குள்ளும் போனதில்லை. உள்ளே போனால் வீடு பளிச்சென்று இருக்கும். நாற்காலியில் இரண்டு துணி மடிக்காமல் கிடக்கும், அவ்வளவுதான். வீடு குப்பையாக இருக்கிறது என்றோ அழுக்காக இருக்கிறது என்றோ அவர்கள் வாயில் வராது. அலங்கோலம் என்று சொன்னால் என் வீடு எப்போதும் இப்படி இல்லை, இதற்கென்று ஒரு ஒழுங்கு உண்டு, இன்றைக்குக் கொஞ்சம் கலைந்திருக்கிறது என்று அர்த்தம். தாழ்த்திச் சொல்கிற மாதிரி சொல்லி, வீட்டின் மானத்தைக் காப்பாற்றிவிடுகிறது அந்தச் சொல்.

வீட்டுக்கு 'கிடக்கிறது' என்றும், ஆளுக்கு 'நிற்கிறான்', 'வந்திருக்கிறாள்' என்றும் வினை சேர்க்கிறோம். அலங்கோலமாகக் கிடக்கிறது, அலங்கோலமாக வந்து நிற்கிறான். பெரும்பாலும் 'ஆக' ஒட்டிக்கொண்டுதான் வரும். அது நிலையைச் சொல்கிறதே ஒழிய ஆளைச் சொல்வதில்லை. அலங்கோலன், அலங்கோலி, அலங்கோலக்காரன் என்று யாரையும் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. அழுக்குக்கு அழுக்கன் உண்டு, அழுக்குமூட்டை உண்டு. பரட்டைக்கு ஆளே பரட்டை. அலங்கோலம் மட்டும் யாருக்கும் பட்டப்பெயர் ஆகவில்லை. வசைச்சொற்கள் இவ்வளவு வளமாக இருக்கிற நம் பேச்சில் இது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

பேச்சில் இன்னொரு வழியும் உண்டு. 'அலம்' இல்லாமலே வேலை நடக்கும். பள்ளிக்கூடம் விட்டுச் சேற்றோடு வந்தால், "ஏங்கண்ணு, இதென்ன கோலம்?" அவ்வளவுதான். 'என்ன' என்ற கேள்வியும் குரலில் ஒரு இழுப்பும் சேர்ந்ததும் கோலமே அலங்கோலம் ஆகிவிடும். அதோடு அது உண்மையிலேயே ஒரு கேள்வி. என்ன நடந்தது, எங்கே விழுந்தாய், யார் தள்ளினார்கள் என்று கேட்கிற கேள்வி. சிறு வயதில் எனக்கு அது திட்டாகத்தான் கேட்டது.

பரட்டைக்கு வருகிறேன். பறட்டை என்று வல்லின றகரம் போட்டும் எழுதுவார்கள். எண்ணெய் காணாமல், படியாமல், விரிந்து நிற்கிற முடி. 1977இல் வந்த '16 வயதினிலே' படத்துக்குப் பிறகு அந்தப் பெயர் தமிழ்நாட்டில் யாருக்கும் மறக்கவில்லை. ரஜினிகாந்த் பரட்டை, கமல்ஹாசன் சப்பாணி. ஒருவருக்கு முடியே பெயர், இன்னொருவருக்குக் கால் பெயர். ஊர்களில் பெயர் வைப்பது அப்படித்தான் நடந்தது, அந்தப் படம் அதை உள்ளபடி காட்டியது.

நான் படித்த பள்ளியில், ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண் இருந்தாள். சுருள் முடி. எங்கள் வீட்டுப் பெண்கள் மாதிரி தினமும் எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னி, ரிப்பன் மடித்துக் கட்டி அனுப்ப அங்கே யாரும் இல்லை. காலையில் ஒரு குழாயடியில் நாற்பது பேர் வரிசையில் நின்று கிளம்பி வர வேண்டும். முதல் வாரத்திலேயே வகுப்பு அவளுக்குப் பரட்டை என்று பெயர் வைத்தது. ஆசிரியர் ஒருவரும் அப்படியே கூப்பிட்டார். நானும் கூப்பிட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் அவள் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. அதை வாசிக்கும்போது மட்டும் அவள் நிமிர்ந்து "உள்ளேன் ஐயா" என்பாள். அந்தக் குரல் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது தெரிந்ததை அப்போது யாராவது சொல்லியிருக்கலாம். தலைத்தோலில் சுரக்கிற எண்ணெய் நேரான முடியில் சுலபமாக வழிந்து நுனி வரைக்கும் போகும். சுருள் முடியில் வளைவுக்கு வளைவு தேங்கிவிடும், அதனால் நுனி காய்ந்து விரியும். காற்றில் ஈரம் கூடினால் முடி அதை உறிஞ்சிப் பருத்து இன்னும் எழும்பும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டத்துக்குள் இருக்கிற ஏற்காட்டுப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு முடி அப்படித்தான் இருக்கும். நாங்கள் பரட்டை என்று சொன்னது அந்த முடியின் இயல்பான கோலத்தை. அவள் தலை கலைந்திருக்கவில்லை. அவளுடைய ஒழுங்கு எங்கள் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியவில்லை.

இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் உறைக்கிறது. எங்கள் வகுப்பிலேயே வேறு ஒரு பெண், டவுனில் கடை வைத்திருந்தவர் மகள், ஒருநாள் மழையில் நனைந்து, ரிப்பன் அவிழ்ந்து, முடி முகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தாள். அதே ஆசிரியர் "என்னம்மா இப்படி அலங்கோலமா வந்திருக்க, போய்த் தலையைத் துவட்டிட்டு வா" என்றார். இவளுக்கு ஒரு கோலம் உண்டு, அது கலைந்துவிட்டது, சரிசெய்யலாம். அவளுக்குக் கோலமே கிடையாது, அவள் பரட்டை. யாரை நாம் ஒழுங்கானவர்கள் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டிருக்கிறோமோ அவர்களுக்குத்தான் பெரும்பாலும் அலங்கோலம் என்கிற சொல்லைத் தருகிறோம். மற்றவர்களுக்குப் பரட்டை, பரதேசி, பஞ்சப் பராரி. தலை கலைந்த ஒருவரைப் பார்த்ததும் வாயில் முதலில் எது வருகிறது என்பதைக் கவனித்தால், அவரை நாம் எங்கே வைத்திருக்கிறோம் என்பது வெளியே வந்துவிடும்.

செய்தித்தாளுக்கு வருவோம். அங்கே இந்தச் சொல் ஒரு இடத்தில் சரியாக வேலை செய்கிறது, இன்னொரு இடத்தில் பெரிய தவறு செய்கிறது.

திருட்டுச் செய்தியில் 'பீரோ உடைக்கப்பட்டு, துணிமணிகள் அலங்கோலமாகச் சிதறிக் கிடந்தன' என்று எழுதுவார்கள். நல்ல பயன்பாடு. அந்த ஒரு சொல்லில் வீட்டுக்காரர்கள் மடித்து அடுக்கி வைத்திருந்ததும் தெரிகிறது, அதை ஒரு கை வந்து வாரி இறைத்ததும் தெரிகிறது. யாரும் அதைப் படித்துவிட்டு இந்த வீட்டுக்காரர்கள் ஒழுங்கில்லாதவர்கள் என்று நினைக்க மாட்டார்கள். அலங்கோலம் அங்கே தடயம்.

இன்னொரு வகைச் செய்தியில் 'ஆடைகள் அலங்கோலமான நிலையில் இளம்பெண் சடலம்' என்று வரும். சிறு வயதிலிருந்தே இந்த வரியைப் படித்து வருகிறோம். ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமையை நேராகச் சொல்லக் கூடாது என்று கூச்சப்பட்டு இந்தச் சொல்லால் மூடுகிறார்கள். ஆனால் மூடுவது யாரை? வாக்கியத்தைப் பாருங்கள். பெண் இருக்கிறாள், ஆடை இருக்கிறது, நிலை இருக்கிறது. கலைத்த கை மட்டும் இல்லை. பீரோவுக்கு 'உடைக்கப்பட்டு' என்று ஒரு செயப்பாட்டு வினையாவது கிடைத்தது. இவளுக்கு அதுவும் இல்லை. படிக்கிறவர் மனதில் ஒரு தோற்றம் மட்டும் தங்கிவிடுகிறது. அதை வைத்து அவள் எங்கே போனாள், எந்த நேரத்தில் போனாள் என்று பேச ஆரம்பிக்கிறார்கள். வீட்டில் வரவேற்பு வார்த்தையாக மானத்தைக் காப்பாற்றுகிற அதே சொல் இங்கே மானத்தை வாங்குகிறது.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு. அவர் இறந்துபோனாலும் அந்தப் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது. பெயரை மறைக்கச் சட்டம் இருக்கிறது, உடம்பை இப்படி ஒரு சொல்லால் ஊருக்குக் காட்டுவதைத் தடுக்கச் சட்டம் இல்லை. எழுதுகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தகவல் விசாரணைக்குத் தேவை, வாசகருக்குத் தேவையில்லை. கொலை செய்யப்பட்டாள், வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டாள் என்று செய்தவனைக் காட்டுகிற வினையோடு எழுதினால் போதும்.

இதை எப்படிச் செய்வது என்பதற்கு நம்மிடமே பெரிய முன்மாதிரி இருக்கிறது. மதுரையில் பாண்டியன் முன்னால் கண்ணகி வந்து நின்ற தோற்றத்தைச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை வெண்பா இப்படிச் சொல்கிறது:

மெய்யிற் பொடியும் விரித்த கருங்குழலும்
கையில் தனிச்சிலம்பும் கண்ணீரும் – வையைக்கோன்
கண்டளவே தோற்றான்அக் காரிகைதன் சொற்செவியில்
உண்டளவே தோற்றான் உயிர்.

உடம்பில் புழுதி, விரிந்த முடி, ஒரு காலுக்கு மட்டுமான சிலம்பு, கண்ணீர். நாம் இன்றைக்கு அலங்கோலம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடக்கூடிய தோற்றம்தான். அதைப் பொதுச்சொல்லால் மூடாமல் நான்கு பொருளை வரிசையாக எண்ணி வைக்கிறது பாட்டு. எண்ணியவுடன் அவை சாட்சிகள் ஆகிவிடுகின்றன. கண்ட அளவிலேயே அரசன் தோற்றான் என்கிறார்கள். அவள் இன்னும் வழக்கைச் சொல்லி முடிக்கவில்லை, தோற்றமே வழக்கைச் சொல்லிவிட்டது. அந்தக் கலைவுக்குக் காரணம் யார் என்பதில் படிக்கிறவருக்கு ஒரு நொடி கூடச் சந்தேகம் வராது. தலைவிரி கோலம் என்ற சொல்லை நான் கேட்கும்போதெல்லாம் இந்த வெண்பாதான் முன்னால் நிற்கிறது. துக்கத்திலும் கோபத்திலும் முடியை அவிழ்த்துவிடுவது நம் ஊரில் ஒரு பேச்சு. இன்றைக்கும் சாவு வீட்டில் பெண்கள் முடியை முடிவதில்லை, யாரும் அவர்களைத் தலை சீவச் சொல்வதும் இல்லை.

அதே உருவத்தை அரசியல் மேடை எடுத்துக்கொண்டதில் எனக்கு வருத்தம் உண்டு. ஊழல் தலைவிரித்தாடுகிறது, பஞ்சம் தலைவிரித்தாடுகிறது என்கிறார்கள். நியாயம் கேட்டு வந்தவளின் முடியை அநியாயத்துக்குக் கொடுத்துவிட்டோம். 'நிர்வாக அலங்கோலம்' என்பது பரவாயில்லை. அது பொருந்துகிறது, நிர்வாகம் என்றால் ஒரு ஒழுங்கு இருந்திருக்க வேண்டும், அதைக் கலைத்தவர்களும் இருக்க வேண்டும்.

ஏற்காட்டுச் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். முடி கலையாமல் இருக்கக் கொண்டையில் செருகுகிற ஊசியின் பெயரை வைத்திருக்கிற இந்த வளைவுகள் வழியாகப் பேருந்தில் இறங்கினால், ஜன்னல் ஓரத்தில் இருக்கிற எல்லாருடைய முடியும் கலைந்துவிடும். போன டிசம்பரில் அப்படி இறங்கிக்கொண்டிருந்தபோது எனக்கு முன் இருக்கையில் ஒரு அம்மாவும் ஆறேழு வயது மகளும் இருந்தார்கள். காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிற காலம். அந்த அம்மாவின் விரல் நுனிகளில் கறை இருந்தது. தலைக்குக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடியில் வைத்திருந்தார். மகளுக்குச் சுருள் முடி. ஜன்னலை விட்டு வர மாட்டேன் என்று அடிவாரம் வரைக்கும் தலையை வெளியே நீட்டியபடியே வந்தாள்.

கோரிமேடு தாண்டியதும் அந்த அம்மா பையிலிருந்து சீப்பை எடுத்தார். தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து உள்ளங்கையில் கொஞ்சம் விட்டுக்கொண்டார். "பாரு, எப்படி அலங்கோலமா இருக்கு. திரும்பு சாமி" என்றார். முடியைப் பட்டென்று படிய வைக்க அவர் முயலவில்லை. ஈரக் கையால் ஒவ்வொரு சுருளாகப் பிடித்துவிட்டு, சிக்கு விழுந்த இடத்தில் மட்டும் நுனியிலிருந்து மேலே மேலே சீவிக்கொண்டு வந்தார். பின்னல் போடவில்லை, ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி அப்படியே விட்டுவிட்டார். முடி முன்பு இருந்த மாதிரியே விரிந்துதான் நின்றது. அஸ்தம்பட்டியில் பேருந்து நின்றபோது அந்தப் பெண் ஜன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு முடியை விலக்கிவிட்டு, "ம், இப்ப சரி" என்றார்.